அந்த இடத்தில் அரிப்பு, எரிவு: மலையகப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற அக்காமார், டவுனில் கடை வேலைக்குப் போகிற தங்கச்சிமார், பேரப்பிள்ளை எடுத்துவிட்ட அம்மாமார் என்று எல்லா வயதிலும் பெண்கள் கேட்கிற கேள்விகள் இவை. தண்ணீர் எடுக்கிற, குளிக்கிற பீலிக்கரையிலும் கிளினிக் வாங்கிலும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். கேட்க வெட்கப்பட்டே மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"அந்த இடம்" என்றால் சரியாக எந்த இடம்?

வெளியே இருக்கிற தோலும் உள்ளே போகிற வழியும் வேறு வேறு. வெளியில் முடி வளர்கிற தடித்த இரண்டு மடிப்புகள். அவற்றுக்குள்ளே முடியில்லாத மெல்லிய இரண்டு மடிப்புகள். நடுவில் மேலே சிறுநீர் வரும் சிறு துவாரமும், கீழே யோனியின் வாசலும் இருக்கின்றன. இந்த வாசலுக்கு உள்ளே இருப்பதுதான் யோனி. மாதவிலக்கு வருவதும் பிள்ளை பிறப்பதும் அந்த வழியாகத்தான்.

இங்கே முக்கியமாகப் பேசப்போவது வெளித்தோலைப் பற்றி. உள்மடிப்புத் தோல் நம் கைத்தோல் மாதிரி தடித்தது இல்லை. கண் இமைபோல மெல்லியது. கையில் பட்டால் ஒன்றும் செய்யாத பொருள்கூட அங்கே பட்டால் எரியும்.

அரித்தாலே ஏதோ நோய் என்று அர்த்தமா?

இல்லை. பெரும்பாலும் அது தோல் எரிச்சல்தான். சவர்க்காரம், ஈரம், வியர்வை, உராய்வு, பேட், ஷேவிங் என்று ஏதோ ஒன்று தோலைச் சீண்டியிருக்கும். அந்தக் காரணத்தை விலக்கினால் சில நாட்களில் தானாக ஆறிவிடும். தொற்றாலும் அரிப்பு வரும், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அரித்ததும் "யாரிடமிருந்து தொற்றியது" என்று பயப்படுவதும், வீட்டில் சண்டை வருவதும் தேவையே இல்லாத வேதனை.

சுத்தம் போதாததால்தான் வருகிறது என்கிறார்களே?

அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: நம் பெண்களுக்கு வருகிற அரிப்பில் நிறைய, கழுவாததால் வருவதில்லை, அளவுக்கு மீறிக் கழுவுவதால் வருகிறது.

காரணம் இதுதான். யோனிக்குள்ளே நல்ல பக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை ஒரு வகை அமிலத்தைச் சுரந்து, அந்த இடத்தை லேசான புளிப்புத் தன்மையில் வைத்திருக்கின்றன. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு அந்த அமில அளவு, அதாவது பிஎச், ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை இருக்கும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). கெட்ட கிருமி பெருகாமல் காப்பது அந்தப் புளிப்புத்தான். வெளித்தோலும் லேசான அமிலத் தன்மை உள்ளதுதான். சாதாரணக் கட்டிச் சவர்க்காரத்தின் பிஎச் 9 அல்லது 10. அதைத் தினமும் இரண்டு மூன்று தரம் போட்டுத் தேய்த்தால் தோலின் எண்ணெய்ப்பசை போய்விடும், தோல் வறண்டு நுண்ணிய வெடிப்புகள் விடும். பிறகு சிறுநீர் பட்டாலும் எரியும், வியர்வை பட்டாலும் எரியும். எரிகிறதே என்று இன்னும் கொஞ்சம் சவர்க்காரம். அங்கேதான் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது.

உடுப்புத் துவைக்கிற சவர்க்காரத்தையே உடம்புக்கும் போடுகிற வீடுகள் உண்டு. அது இன்னும் கடுமையானது. டெட்டோல், சவ்லோன் போன்ற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு வீட்டுப் பெரியவர்களே அப்படிச் செய்யச் சொல்வதுண்டு. தயவுசெய்து வேண்டாம். தரை கழுவுகிற பொருளுக்குப் பக்கத்தில் வைக்கிற போத்தல் அது. கடையில் "பெண்களுக்கான வொஷ்" என்று வாசனையோடு விற்பதும் தேவையில்லை. அதில் இருக்கிற வாசனையே சிலருக்கு ஒவ்வாமை தரும்.

யோனிக்குள்ளே விரல் விட்டோ, பைப் வைத்தோ கழுவுவது எந்த வயதிலும், எந்த நாளிலும் வேண்டாம். உள்பக்கம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

அப்படியென்றால் எப்படிக் கழுவுவது?

வெறும் தண்ணீர் போதும். ஒரு நாளைக்கு ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம். முன்னாலிருந்து பின்னால் என்ற திசையில் கையால் மெதுவாக. துணியோ நாரோ பீர்க்கங்கூடோ வேண்டாம். சவர்க்காரம் இல்லாமல் மனசு கேட்காது என்றால் முடி இருக்கிற வெளிப்பகுதிக்கு மட்டும், வாசனை குறைந்த ஒன்றைக் கொஞ்சமாகப் போட்டு, நன்றாக அலசிவிடுங்கள்.

அந்த அலசுதல்தான் எங்கள் பக்கத்தில் சிக்கல். பீலியில் குளிக்கும்போது குறுக்குக்கட்டோடுதான் நிற்கிறோம். முன்னால் ஆள், பின்னால் ஆள், பக்கத்தில் ரோடு. முகத்துக்கும் கைக்கும் போட்ட சவர்க்காரத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். ஆனால் கட்டியிருக்கிற துணிக்குள்ளே வழிந்த நுரை தொடை இடுக்கிலேயே தங்கிவிடும். தண்ணீரோ பனிக்கட்டி மாதிரி, அவசரமாக முடித்துக்கொண்டு ஓடிவிடுகிறோம். காய்ந்த சவர்க்காரம் நாள் முழுக்கத் தோலில் ஒட்டிக்கொண்டு இருக்கும். பீலியில் குளிக்கிறவர்கள், வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன வாளி வெதுவெதுப்பான தண்ணீரைக் குளியலறைக்கோ கக்கூசுக்கோ எடுத்துப்போய் அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் ஊற்றிக் கழுவிக்கொள்ளுங்கள். பலருக்கு இது ஒன்றே வித்தியாசம் காட்டும்.

குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது. சூடுபட்ட கொஞ்ச நேரம் அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், அப்புறம் தோல் வறண்டு இரட்டிப்பாக அரிக்கும். கழுவியபின் துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

மழைக்காலத்தில் மலையில் நாள் முழுக்க நனைந்துதான் நிற்கிறோம். தொடை இடுக்கு வெந்துபோகிறது. என்ன செய்யலாம்?

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை மழைதான். பதுளைப் பக்கத்துக்கு ஆண்டு முடிவில் வருகிற மழை. எந்தப் பக்கமானாலும் காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு) போகும்போதே பாவாடை நனைந்துவிடும். இடுப்பில் சுற்றுகிற படங்கு வெளித் தண்ணீரை ஓரளவு தடுக்கும். ஆனால் உள்ளே வருகிற வியர்வையை வெளியே விடாது. ஏற்றத்தில் ஏறி இறங்கும்போது நனைந்த துணி தொடையோடு உரசும். ஈரம், சூடு, உராய்வு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் தோல் சிவந்து, வெந்து, சிலருக்கு உரிந்தும் போகும்.

வேலைக்குப் போகுமுன் தொடை இடுக்கிலும் வெளிமடிப்பிலும் வாசனையில்லாத வாசலினை மெல்லியதாகப் பூசிக்கொள்ளுங்கள். ஈரமும் சிறுநீரும் நேரடியாகத் தோலைத் தாக்காமல் அது தடுக்கும். தேங்காய் எண்ணெயும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். பாவாடைக்கு உள்ளே தொடை மூடுகிற மாதிரி பருத்திக் கட்டைக்காற்சட்டை ஒன்று போட்டால் தொடையோடு தொடை உரசாது. மாற்று உள்ளாடை ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துப்போய், பகல் சாப்பாட்டுக்கு வரும்போது மாற்ற முடிந்தால் மிக நல்லது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஈரத்துணியைக் கழற்றுவதாக இருக்கட்டும். பிள்ளையைப் பார்த்து, அடுப்பை மூட்டி, தேத்தண்ணி ஊற்றி முடித்து இரவு ஏழு மணிக்கு மாற்றுகிற வழக்கம்தான் நம்மில் பலருக்கு.

பவுடர் போடுகிறார்கள். ஈரத்தில் அது களியாகி மடிப்புக்குள் உருண்டு இன்னும் உராயும். நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

மலையில் கக்கூசு இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்கள் அனேகம். குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்த்தியாகி, புண்ணான தோலில் படும்போது கத்தியால் கீறின மாதிரி எரியும். அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்றும் சுலபமாக வரும். பறிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கக்கூசு கேட்பது சங்கத்துக்காரர் பேச வேண்டிய விஷயம், சம்பளத்துக்குக் குறைந்த விஷயம் இல்லை. அது வரும்வரை, வீட்டிலாவது நிறையத் தண்ணீர் குடியுங்கள். எரிவு இருக்கும் நாட்களில் சிறுநீர் கழிக்கும்போதே ஒரு கோப்பைத் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றிக்கொண்டால் எரிவு பாதி குறையும்.

உள்ளாடை காய்வதே இல்லை. அடுப்புக்கு மேலே போட்டால் சரிதானே?

வெயிலில் போட முடிந்தால் வெயில்தான் சிறந்தது. நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் பல நாள் வெயிலே முகம் காட்டாது என்பதும் உண்மைதான். அப்போது அடுப்புக்கு மேலே கயிற்றில் போடலாம், ஆனால் முழுதாகக் காயட்டும். "உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும்" என்று அரை ஈரத்தோடு போடுவதுதான் கூடாது. பூஞ்சணத்துக்கு அது விருந்து.

இன்னொன்று, உள்ளாடையை வெட்கப்பட்டு வேறு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறோம். காற்றே படாது. மேலே மெல்லிய துணி ஒன்றை விரித்தால் போதும், காற்றும் போகும், மற்றவர் கண்ணும் படாது. துவைக்கும்போது சலவைத்தூள் மிச்சமில்லாமல் இரண்டு தண்ணீரில் அலசுங்கள். வாசனைத் திரவம் சேர்க்க வேண்டாம். நைலோனைவிடப் பருத்தி நல்லது. இரவில் உள்ளாடை இல்லாமல் தளர்ந்த பாவாடையோ சாரமோ கட்டிக்கொண்டு படுத்தால் தோல் ஆற நேரம் கிடைக்கும்.

மாதவிலக்கு நாட்களில்தான் வருகிறது. பேட் ஒத்துக்கொள்ளவில்லையா?

இருக்கலாம். பேட்டின் பிளாஸ்டிக் பக்கம், பசை, வாசனை மூன்றில் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதைவிட அடிக்கடி காண்கிற காரணம், காலையில் வைத்த பேட்டை மாலைவரை மாற்றாமல் இருப்பது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். மலையில் மாற்ற இடமில்லை என்பது தெரிந்ததுதான். பகல் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடாதீர்கள். வாசனை போட்ட பேட்டை விட்டு, வாசனையில்லாத வேறு வகைக்கு ஒரு மாதம் மாறிப் பாருங்கள். தேவையில்லாத நாட்களில் மெல்லிய லைனரைத் தினமும் வைப்பதும் தோலை வேகவைக்கும்.

துணி பாவிப்பதில் தவறே இல்லை. நன்றாகத் துவைத்து, சவர்க்காரம் போக அலசி, முழுதாகக் காய்ந்த பிறகு மடித்து வைத்தால் சரி. பெட்டிக்குப் பின்னால் ஈரமாக ஒளித்து வைத்த துணியில்தான் ஆபத்து.

மிளகாய் அரைத்த கையோடு கக்கூசுக்குப் போய்விட்டேன். உயிர் போகிற மாதிரி எரிகிறது!

மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் முதலில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, சுத்தமான துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீர். ஒரு சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரல், வலிக்குத் தைலம் தேய்த்த கை, உரமோ மருந்தோ தொட்ட கை எல்லாமே இதே வேலையைச் செய்யும். கக்கூசுக்குப் போன பிறகு மட்டும் கை கழுவிப் பழகியிருக்கிறோம். வேலைத்தளத்தில் போவதற்கு முன்னும் கழுவ வேண்டும்.

அட்டை கடித்துவிட்டது, அந்த இடத்துக்குப் பக்கத்தில்.

மழைக்காலத்தில் நடக்கிறதுதான், பயப்படாதீர்கள். பிடித்து இழுக்க வேண்டாம், நெருப்பும் வைக்க வேண்டாம். அட்டையின் மெல்லிய வாய்ப்பக்கத்துக்கு அடியில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உப்பும் எலுமிச்சையும் காலுக்குச் சரி, இந்தத் தோலுக்கு எரியும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும். அது இரத்தம் உறையாதிருக்க அட்டை விடுகிற பொருளால்தான். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கடிவாய் சில நாள் அரிக்கும், சொறியாமல் விட்டால் ஆறிவிடும். உள்ளே போய்விட்டது என்று சந்தேகம் இருந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

முடியை எடுப்பது நல்லதா?

எடுக்க வேண்டும் என்று சுகாதாரம் சொல்லவில்லை. முடி, உராய்விலிருந்து தோலைக் காக்கிறது. பிளேடு போட்டால் நுண்ணிய வெட்டுகள், முடி வேரில் சீழ்ப்பருக்கள், உள்ளே சுருண்டு வளர்கிற முடி எல்லாம் வரும். முடி நீக்குகிற கிறீம் இந்தத் தோலைச் சுட்டுவிடும். தொந்தரவாக இருந்தால் கத்தரியால் குட்டையாக வெட்டினால் போதும். வீட்டில் ஒருவர் பாவித்த பிளேட்டை இன்னொருவர் தொடவே கூடாது.

வெள்ளைபடுகிறது. அது நோயா, சாதாரணமா?

தெளிவாகவோ பால் மாதிரியோ, நாற்றம் இல்லாமல், அரிப்பில்லாமல் கொஞ்சம் வருவது சாதாரணம். மாதத்தின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். கர்ப்பத்தில் கூடும். "வெள்ளைபட்டால் எலும்பு உருகுகிறது" என்று சொல்லிப் பெண்களைப் பயமுறுத்துகிறார்கள். எலும்புக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மாறினால் கவனியுங்கள். தயிர்க்கட்டி மாதிரி தடித்து வந்து கடுமையாக அரித்தால் அது பெரும்பாலும் கன்டிடா என்ற பூஞ்சணம். வாழ்நாளில் ஒரு தரமாவது நான்கில் மூன்று பெண்களுக்கு இது வரும். அன்டிபயோட்டிக் குடித்து முடித்த கையோடு வருவது மிகச் சாதாரணம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் நாற்றம் வீசினால் அது நல்ல பக்டீரியா குறைந்து மற்றவை பெருகியதால் வருவது. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் உடலுறவால் தொற்றுகிற ஒன்றாக இருக்கலாம், அதற்குக் கணவனும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும். மூன்றுக்கும் மூன்று வேறு மருந்து. அடுத்த வீட்டு அக்காவுக்குச் சுகமான மருந்து உங்களுக்குச் சுகம் தரும் என்று சொல்ல முடியாதது அதனால்தான்.

பார்மசியில் ஒரு கிறீம் தந்தார்கள். பூசியதும் நின்றது, விட்டதும் இரண்டு மடங்காக வந்தது. ஏன்?

கிறீமின் பெயரைப் பாருங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று இருந்தால் அது வலுவான ஸ்டீரொயிட். அரிப்பை உடனே அடக்கும், அதனால்தான் கேட்டதும் எடுத்துத் தருகிறார்கள். ஆனால் அரிப்புக்குக் காரணம் படர்தாமரையாக இருந்தால், ஸ்டீரொயிட் அதை மறைத்து உள்ளுக்குள் பரவவிடும். வட்டமாக, ஓரம் தடித்து, தொடை இடுக்கிலிருந்து பின்பக்கம் வரை போகிற தடிப்பு அது. கிறீமை நிறுத்தியதும் சீறிக்கொண்டு வரும். மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதம் மாதிரி மெலிந்து கோடுகளும் விழும். ஸ்டீரொயிட், பூஞ்சண மருந்து, அன்டிபயோட்டிக் மூன்றையும் ஒன்றாகக் கலந்த டியூப்களும் இதே ஆபத்து உள்ளவைதான்.

ஸ்டீரொயிட் கெட்ட மருந்து என்று சொல்லவில்லை. சில நோய்களுக்கு அதுதான் சரியான மருந்து. எந்த நோய் என்று தெரிந்து, எவ்வளவு நாள் என்று டாக்டர் சொன்ன பிறகு பூச வேண்டிய மருந்து, அவ்வளவுதான். படர்தாமரைக்குக் குளோட்ரிமசோல் மாதிரியான பூஞ்சண கிறீம் போதும். தடிப்பு மறைந்த பிறகும் ஒன்று இரண்டு வாரம் தொடர்ந்து பூச வேண்டும், மறைந்ததும் நிறுத்தினால் திரும்ப வரும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களும் சேர்ந்து பூசட்டும். துவாயைப் பகிர வேண்டாம்.

வீட்டு வைத்தியம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் பூசுகிற வைத்தியம் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை 10 நிமிடம் வைத்தால் அரிப்பு அடங்கும். மெல்லிய வாசலின் பூச்சு. நகத்தை ஒட்ட வெட்டுதல், ஏனென்றால் இரவில் தூக்கத்தில்தான் அதிகம் சொறிகிறோம்.

மஞ்சள், எலுமிச்சை, பூண்டு, தயிர், வினாகிரி, உப்புக்கரைசல் என்று கேள்விப்பட்டதெல்லாம் அந்தத் தோலுக்கு வேண்டாம். சமையலுக்கு மஞ்சள் நல்லது. புண்ணான மெல்லிய தோலில் மஞ்சளே ஒவ்வாமை தரும். அம்மம்மா சொன்னதைத் தட்டுவதாக நினைக்காதீர்கள். காலில் வந்த சிரங்குக்கு அவர் சொன்னது, இது வேறு தோல்.

கத்தரிக்காய், கருவாடு கரப்பான் என்கிறார்களே, நிறுத்தவா?

ஒரு சாப்பாட்டைச் சாப்பிட்டால் உடம்பெங்கும் தடிக்கிறது என்றால் அதை விடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் வருகிற அரிப்புக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அரிது. ஏற்கனவே ரொட்டியும் சம்பலுமாக ஓடுகிற வீட்டில் கருவாட்டையும் நிறுத்தினால் இழப்பு உடம்புக்குத்தான்.

அடிக்கடி வருகிறது, மருந்து எடுத்தும் திரும்ப வருகிறது.

சீனி பார்த்தீர்களா? இரத்தத்தில் சீனி கூடினால் பூஞ்சணம் செழித்து வளரும். சீனி வியாதி இருப்பதே தெரியாமல், இந்த அரிப்பால் கிளினிக் வந்து கண்டுபிடித்த பெண்கள் பலர். தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றியும் அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். ஒரே காம்பராவில், அதாவது ஒரே அறையில், ஆறேழு பேர் படுக்கிற வீட்டில் வேகமாகப் பரவும். அப்போது எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும், ஒருவர் மட்டும் பூசிப் பயனில்லை.

கர்ப்பமாக இருக்கிறேன்.

கர்ப்பத்தில் பூஞ்சணம் வருவது சாதாரணம், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் மருந்தை நீங்களாக வாங்காதீர்கள், வாயால் குடிக்கிற பூஞ்சண மாத்திரை கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியது. கிளினிக் நாளில் சொல்லுங்கள், உள்ளே வைக்கிற மாத்திரையோ கிறீமோ தருவார்கள். தண்ணீர் மாதிரி ஒழுகினாலோ இரத்தம் பட்டாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிப்பே இல்லாமல் கடுமையாக அரித்தால் அது ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அதையும் அன்றே சொல்ல வேண்டும்.

மாதவிலக்கு நின்று சில வருடம். இப்போது வறட்சியும் எரிவும். இந்த வயதில் போய்க் காட்டவா?

கட்டாயம் காட்டுங்கள். மாதவிலக்கு நிற்கிறபோது ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் குறையும், அந்தத் தோல் மெலிந்து வறளும், சிறுநீர் கழிக்க எரியும், கணவனோடு சேர்வது வலிக்கும். பால் கொடுக்கிற இளம் தாய்க்கும் கொஞ்ச காலம் இதே வறட்சி வரும். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது, வயசானால் அப்படித்தான் என்று பொறுக்கத் தேவையில்லை.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். தோல் வெள்ளை வெள்ளையாக மாறி, சுருங்கின காகிதம் மாதிரி ஆகி, இரவில் தூங்கவிடாமல் அரித்தால் அது லைக்கன் ஸ்கிளெரோசஸ் என்ற நோயாக இருக்கலாம். தொற்றாது. வெண்குட்டம் என்று பயந்து மறைக்கிறார்கள், அதுவும் இல்லை. மருந்து பூசினால் கட்டுக்குள் வரும். விட்டுவிட்டால் மடிப்புகள் ஒட்டிப்போகும், சிறு எண்ணிக்கையான பெண்களுக்குப் புற்றுநோயாகவும் மாறலாம். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் சோதிக்க வேண்டும்.

சின்ன மகள் அந்த இடத்தைச் சொறிந்துகொண்டே இருக்கிறாள்.

வயதுக்கு வராத பிள்ளைகளின் தோல் இன்னும் மெல்லியது. சவர்க்காரம், சரியாகக் கழுவாதது, இறுக்கமான உள்ளாடை இவைதான் வழக்கமான காரணம். இரவில் பின்பக்கமும் சேர்த்துச் சொறிந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒன்றாகப் பூச்சி மருந்து எடுத்து, 2 வாரத்தில் இன்னொரு தரம் எடுக்க வேண்டும். நாற்றமோடு அல்லது இரத்தமோடு ஏதாவது வந்தால், பிள்ளை எதையாவது உள்ளே வைத்திருக்கலாம், டாக்டர் பார்க்க வேண்டும்.

பிள்ளையை அடிக்கவோ "கையை எடு, வெட்கம்" என்று அதட்டவோ வேண்டாம். அமைதியாக, "யாராவது அங்கே தொட்டார்களா, வலித்ததா" என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்படி ஒன்றும் இருக்காது. இருந்தால் அவள் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான். சந்தேகம் இருந்தால் 1929 சிறுவர் உதவி இலக்கம் 24 மணி நேரமும் எடுக்கும்.

கணவனோடு சேரலாமா?

ஆறும்வரை விட்டுவிடுங்கள், உராய்வு புண்ணைக் கூட்டும். வாசலினும் எண்ணெயும் கொண்டமை பலவீனமாக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், உள்ளே வைக்கிற பூஞ்சண மருந்தும் அப்படித்தான். சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக வந்து உடைந்து வலித்தாலோ, வலியே இல்லாத புண் ஒன்று இருந்தாலோ பாலியல் நோய்த் தடுப்பு கிளினிக்குக்குப் போங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி அரசாங்க ஆஸ்பத்திரிகளோடு இந்தக் கிளினிக்குகள் இருக்கின்றன. இலவசம், உங்கள் விபரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்.

எப்போது கட்டாயம் காட்ட வேண்டும்?

சவர்க்காரத்தை விட்டு, ஈரத்தைக் குறைத்து ஒரு வாரம் ஆகியும் குறையாவிட்டால். புண், கொப்புளம், சீழ், ஒரு பக்கம் மட்டும் வீக்கம், புதுக் கட்டி, நிறம் மாறிய தோல் இருந்தால். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ சேர்ந்து வந்தால் அன்றைக்கே.

தோட்டத்து டாக்டரய்யா ஆம்பளை. நமக்குச் சிங்களமும் வராது. எப்படிப் போய்ச் சொல்வது?

முதலில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வருகிறவர், இந்தப் பேச்சு அவருக்கு அன்றாட வேலை. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஆபீசில் நடக்கிற சுவனாரி கிளினிக் பெண்களுக்கென்றே உள்ளது. 1996இல் தொடங்கிய திட்டம் அது, முக்கியமாக 35 வயதுப் பெண்களைக் கூப்பிட்டுப் பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். அங்கே இந்தப் பிரச்சினையையும் சொல்லலாம்.

ஆண் டாக்டர் பார்க்க வேண்டி வந்தால், மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அக்காவையோ மகளையோ கூட்டிப்போகலாம். பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் இரண்டு சொல் போதும்: "கஹனவா" என்றால் அரிக்கிறது, "தனவா" என்றால் எரிகிறது. எத்தனை நாளாக என்பதை விரலால் காட்டலாம்.

சோதனை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கி, வெளித்தோலை விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் எடுப்பார்கள். சில நிமிட வேலை. போவதற்கு முந்திய இரவும் அன்று காலையும் கிறீம் எதுவும் பூசாதீர்கள், கழுவிக் கழுவித் தேய்த்துவிட்டும் போகாதீர்கள், உண்மையான நிலை தெரியாமல் போய்விடும். இதுவரை பூசிய டியூப்களை, காலியானதாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பெயர் தெரியாமல் "வெள்ளை டியூப், சிவப்பு எழுத்து" என்று சொன்னால் டாக்டருக்கு விளங்காது, டியூப்பைக் கண்டால் விளங்கிவிடும்.